இராமானுஜன் கையில் நழுவிய எண்

கதிரவெளிக் கரையில் கரைவலை இழுத்து முடிந்தால் அடுத்த வேலை பங்கு பிரிப்பு. குவியலில் 60 மீன் இருந்தால் மூன்று பேருக்கும் சரி, ஐந்து பேருக்கும் சரி, பன்னிரண்டு பேருக்கும் சரி, மிச்சமில்லாமல் பிரியும். 59 என்றால் கத்தியைத்தான் எடுக்க வேண்டும். 60ஐ மீதியின்றி வகுக்கும் காரணிகள் 12. அதற்குக் கீழே எந்த எண்ணுக்கும் இத்தனை இல்லை.

இப்படித் தனக்குச் சிறிய எண்கள் எல்லாவற்றையும் காரணிக் கணக்கில் முந்தும் எண்களைப் பற்றி 1915ல் லண்டன் கணிதச் சங்கத்தின் இதழில் இராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது இந்த ஆய்வுக்குத்தான். போர்க்காலம், சங்கத்திடம் காசில்லை; பின்பகுதி அச்சேறவில்லை. நிக்கோலா, ரொபின் என்ற இரு பிரெஞ்சுக் கணிதவியலாளர்கள் அதை விளக்கக் குறிப்புகளோடு வெளியிட 1997 ஆயிற்று.

கட்டுரையில் அவர் கைக்கணக்காகப் போட்ட பட்டியல் 6746328388800 என்ற எண்ணில் முடிகிறது. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கும் மேல். பிரித்துப் பார்த்தால் ஆறு 2, நான்கு 3, இரண்டு 5, இரண்டு 7, பிறகு 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்று. ஒரு காரணியை உருவாக்க 2ஐ ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஆறு வரையும் எடுக்கலாம். ஆக ஏழு வழி. 3க்கு ஐந்து வழி, 5க்கும் 7க்கும் மும்மூன்று, மற்ற ஐந்துக்கும் இரண்டிரண்டு. பெருக்கினால் 10080. அந்த 10080ம் இதே பட்டியலில் உள்ள எண்தான். ஒரு வாரத்தின் நிமிடங்களும் அவ்வளவே!

6, 4, 2, 2, 1 என்று எண்ணிக்கை இறங்கிவருவது தற்செயல் அல்ல. 18ல் ஒரு 2, இரண்டு 3, காரணிகள் 6. இடம் மாற்றி இரண்டு 2, ஒரு 3 போட்டால் 12, அதற்கும் 6. சிறியதே அதைச் செய்துவிடும்போது பெரியதற்குப் பட்டியலில் என்ன வேலை? கடைசியாக வரும் முதன்மை எண் ஒரே ஒரு முறைதான் வரும், 4ம் 36ம் மட்டுமே விலக்கு என்பதையும் இராமானுஜன் நிறுவினார்.

அவ்வளவு பெரிய பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப்போனது: 293318625600. காரணிகள் 5040. பட்டியலின் கடைசி எண்ணை 23ஆல் வகுத்தால் இதுவே வரும்; கைப்பேசியில் போட்டுப் பாருங்கள். எப்படித் தப்பியது என்று தெரியவில்லை; ஆனால் அதன் அக்கம்பக்கம் கவனிக்கத்தக்கது. முன்னால் நிற்கும் 240940299600, பின்னால் நிற்கும் 321253732800 இரண்டிலும் 23 உண்டு, 7 ஒன்றே ஒன்று. நடுவில் நிற்கும் இதில் 23 இல்லை, 7 இரண்டு.