இளங்குதிரைகளின் குருதிப் புற்றுநோயும் நெடுந்தீவும்

என்பு மச்சையில் வெண்குருதிக் கலங்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதே குருதிப் புற்றுநோயாகும். செங்கலங்களுக்கும் குருதிச் சிறுதட்டுகளுக்கும் உரிய இடத்தை அவை கவர்ந்துகொள்ள, விலங்கு சோகையுற்று மெலிகிறது. தொற்றுக்களை எதிர்க்கும் ஆற்றலை இழக்கிறது. முரசிலும் மூக்கிலும் குருதி கசிகிறது. மாட்டிலும் பூனையிலும் இந்நோயைத் தோற்றுவிக்கும் வைரசுகள் இனங்காணப்பட்டுள்ளன. குதிரையில் அத்தகைய வைரசு எதுவும் காரணமென நிறுவப்படவில்லை. குதிரைகளில் இந்நோய் அரிதெனினும், இளங்குதிரைகள் அதற்கு விலக்கல்ல.

யாழ்ப்பாணக் குடாநாட்டை அடுத்த நெடுந்தீவில் கட்டாக்காலிக் குதிரைகள் வாழ்கின்றன. வரட்சிக் காலங்களில் அவை மடிவதுண்டு. மெலிந்து வீழும் குட்டியொன்றைப் புறத்தோற்றங் கொண்டு நோக்கின், பட்டினியையும் குடற்புழுவையும், உண்ணி பரப்பும் குருதி ஒட்டுண்ணியையும், புற்றுநோயையும் பிரித்தறிதல் கடினம். குருதியை நுணுக்குக்காட்டியில் ஆராய்வதும் என்பு மச்சையைச் சோதிப்பதும் அவசியம். ஆயின், எவ்விலங்குக்கு இச்சோதனை கிட்டும் என்பதை மருத்துவம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை.

வரலாறு இதனைத் தெளிவுறுத்தும். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, கடல்வழி வந்த குதிரைகள் பெருந்தொகையாக மடிந்ததையும், குதிரை வைத்தியர் அந்நாட்டுக்குச் செல்லாதவாறு வணிகர் தடுத்ததையும் குறிப்பிடுகிறார். குதிரையின் இறப்பே அடுத்த விற்பனைக்கு வழி. அங்கு அறியாமை இலாபத்தின் விளைபொருளாயிற்று.

நெடுந்தீவில் நிகழ்ந்தது வேறு. ஒல்லாந்தர் இங்கு குதிரை வளர்த்தனர். பிரித்தானிய ஆட்சியின் முற்பகுதியில் லெப்டினன்ட் நோலன் அப்பணியை நடத்தினார். ஆட்சியாளருக்குப் பயன்பட்டவரை குதிரைக்கு இலாயமும் மேற்பார்வையும் இருந்தன. அத்தேவை நீங்கியதும் அது கட்டாக்காலியாயிற்று. ‘காலி’ என்பது ஆநிரை. கட்டுவாரற்ற காலியே கட்டாக்காலி. உடைமையுறவு அறுந்த நிலையை அச்சொல்லே உணர்த்துகிறது. பரிமாற்றப் பெறுமதி அற்ற விலங்கின் நோய்க்குப் பெயரிடுவாரும் இலர்.

2015இல் தீவின் ஒரு பகுதி தேசிய பூங்காவாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. எல்லை வகுத்தல் பராமரிப்பாகாது. கண்ணாடித் தகட்டில் உலர்த்திய ஒரு துளிக் குருதியைப் படகில் குறிகட்டுவானுக்கும், அங்கிருந்து பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்துக்கும் கொண்டுசெல்லுதல் இயலாத செயலன்று. குட்டிகளின் இறப்பை ‘வரட்சி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது, காரணங்களை மறைப்பதோடு பொறுப்பையும் மறைத்துவிடுகிறது. அதே வரட்சியில் குடிநீருக்கு அல்லலுறும் தீவு மக்களின் வாழ்வையும் இச்சொல்லே மூடிநிற்கிறது என்பது நாம் மனங்கொள்ள வேண்டியதாகும்.