இமையோரத்து மஞ்சள் கட்டி

கண்ணிமையிலோ மூக்கின் பக்கத்திலோ வலியின்றி முளைக்கும் மஞ்சள் நிறச் சிறு கட்டியை அழகுக்குக் குறையென்று வருந்துவோர் உண்டேயன்றி, அது குடலைப் பற்றிய செய்தி கொணர்ந்திருக்கலாமென்று எண்ணுவோர் அரியர். 1967-இல் மியூர் என்பவரும், மறு வருஷம் டோரே என்பவரும், சருமத்தின் எண்ணெய்ச் சுரப்பிகளில் எழும் கட்டிகளும் உள்ளுறுப்புப் புற்றுநோய்களும் ஒரே சரீரத்தில் கூடியிருந்ததைத் தனித்தனியே எடுத்துரைத்தமையால், அபூர்வமான அந்தப் பரம்பரை வியாதிக்கு இருவர் பெயரும் நிலைத்தது. உயிரணு பெருகுங்கால் டி.என்.ஏ.வில் நேரும் பிழைகளைத் திருத்தும் ஜீன்களுள் ஒன்று, பெரும்பாலும் எம்.எஸ்.எச்.2, பிறவியிலேயே பழுதுபட்டிருப்பதே காரணம். பெற்றோரில் ஒருவரிடம் அப்பழுது இருப்பின், ஒவ்வொரு குழந்தைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்புண்டு. முகத்துக் கட்டிகளில் மிகப் பல நிரபராதிகளே என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆயினும், அகற்றிய கட்டியைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பிய வைத்தியர், குடும்பத்தில் எவருக்கேனும் குடலிலோ கருப்பையிலோ புற்று கண்டதுண்டா என்று விசாரிப்பது வீண் பேச்சன்று.