குழவியர் கையில் இளவேனில்

ஓராண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்து வழங்குதல் நம் நாட்டின் தொன்மையான மரபாகும். தமிழ் நூல்கள் சித்திரை, வைகாசி ஆகிய இரு திங்களையும் இளவேனில் என்று கூறும். வடமொழி மரபு சைத்திர வைசாகங்களை வசந்தம் என்று கூறும். பெயரளவில் இவை ஒத்திருப்பினும், இமயம் முதல் குமரி வரை பரந்த இந்நாட்டில் இளவேனில் ஒரே நாளில் வருவதுமில்லை. ஒரே கோலத்தில் வருவதுமில்லை. கங்கைச் சமவெளியில் மாசி முதலே கடுகு வயல்கள் மஞ்சள் பூத்து நிற்கும். காசுமீரத்தில் வாதுமை மரங்கள் மார்ச் திங்களின் பிற்பாதியிலேயே மலரத் தொடங்கும். தென்னாட்டிலோ வெயில் ஏறிய பின்னரே வேம்பும் கொன்றையும் பூக்கின்றன. மொழிபெயர்ப்புப் பணியிலிருப்போர் ‘ஸ்பிரிங்’ என்னும் ஆங்கிலச் சொல்லைக் காணுந்தோறும் வசந்தம் என்றோ இளவேனில் என்றோ எழுதிவிட்டு அப்பாற் சென்று விடுகிறோம். சொல் பெயர்ந்து விடுகிறது, பருவம் பெயர்வதில்லை.

இதனை ஈண்டுக் குறிப்பிடுதற்குக் காரணமுண்டு. பாலர் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் தொங்கும் பருவகாலப் படங்கள் சிலவற்றில் உருகும் பனியும், மேலை நாட்டு மலர்களும், கம்பளி உடுத்த சிறுவரும் வசந்தத்தின் அடையாளங்களாக வரையப்பட்டுள்ளன. படத்தைக் காட்டி ‘இதுதான் வசந்தம்’ என்று சொல்லிக்கொடுக்கும் அதே வேளையில், வாசலுக்கு வெளியே புங்கமரம் பழைய இலைகளை உதிர்த்துவிட்டுப் பளபளக்கும் தளிர்களை விட்டு நிற்கும். பெரிய குழந்தையாயின் இம்முரண்பாட்டினை ஒருவாறு கடந்து செல்லும். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழவிக்கோ படத்திலுள்ள வசந்தம் வெறும் தாளும் வண்ணமும் மட்டுமே.

இவ்வயதுக் குழவியின் அறிவு கையிலும் வாயிலும் மூக்கிலும் செவியிலும் குடிகொண்டிருக்கிறது. உதடும் நாவும் விரல்நுனியும் தொடுவுணர்ச்சி மிக்க உறுப்புகள். ஆதலின் கிடைத்த பொருளை வாயிலிடுதல் குறும்பன்று. அது குழவியின் ஆராய்ச்சி முறை. ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு வயதுக்குள் இரு சொற்களை இணைத்துப் பேசும் ஆற்றல் பெரும்பாலான குழவிகளுக்கு வந்துவிடுகிறது. எந்தப் பொருளைக் குழவியும் பெரியவரும் ஒருசேர நோக்குகின்றனரோ, அதன் பெயரே எளிதில் மனத்திற் பதிகிறது. ‘பருவம்’, ‘வசந்தம்’ முதலிய கருத்துகள் இக்காலத்தில் விளங்கா. விளங்கவேண்டுவதுமில்லை. ‘இலை’, ‘மெத்து’, ‘வாசம்’, ‘விழுந்தது’, ‘குயில்’ ஆகிய சொற்கள் விளங்கும். இளவேனிலைக் குழவிக்கு அறிமுகம் செய்தல் என்பது இவ்வளவே.

நம் நாட்டு இளவேனிலில் விஞ்ஞான நோக்கில் வியக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. குளிர் நாடுகளில் வெப்பம் மிகுவதால் மரங்கள் தளிர்க்கின்றன. பருவமழை பெறும் நம் காடுகளிலோ மழைக்கு நெடுநாள் முன்பாக, மண்ணின் மேற்பரப்பு வறண்டு கிடக்கும் மார்ச், ஏப்ரல் திங்களில், பல மரங்கள் புதுத்தளிர் விடுகின்றன. பழைய இலைகளை உதிர்ப்பதால் ஆவியாகி வெளியேறும் நீர் குறைகிறது. ஆழ வேரோடிய மரம் அடிமண்ணின் ஈரத்தை உறிஞ்சித் தண்டினை நிரப்பிக்கொள்கிறது. நீண்டுவரும் பகற்பொழுது தளிர்த்தற்குரிய குறிப்பாக அமைகிறது. மழை வருமுன்பே இலைகள் முதிர்ந்து ஆயத்தமாகிவிடுகின்றன. மா, அரசு முதலியவற்றின் தளிர்கள் செம்மையாகவோ செப்பு நிறமாகவோ இருத்தற்குக் காரணம் ஆந்தோசயனின் என்னும் நிறப்பொருள். கடும் வெயிலினின்றும் பூச்சிகளினின்றும் இளந்தளிரை இது காக்கின்றது என்று தாவர நூலார் கருதுகின்றனர். இவற்றைக் குழவிக்குச் சொல்லவேண்டுவதில்லை. ஆயினும் ஊழியர் இவற்றை அறிந்திருத்தல் நன்று. ஏன் இந்த மரத்தை இப்பொழுது காட்டவேண்டும் என்பது அப்பொழுதுதான் தெளிவாகும்.

குழந்தைகளைக் கொண்டே இளவேனிலை எதிர்கொள்ளும் வழக்கம் நம் நாட்டில் புதிதன்று. உத்தரகாண்ட மலைச் சிற்றூர்களில் மார்ச் நடுவில், சைத்திரத்தின் முதல் நாளன்று, ‘பூல் தேய்’ என்னும் விழா நடைபெறுகிறது. சிறுவர் சிறுமியர் விடியலில் எழுந்து மஞ்சள் நிறப் ‘பியோலி’ மலரையும், செந்நிறப் ‘புராம்ச’ மலரையும், இவை போல்வன பிறவற்றையும் கூடையிற் பறித்துவந்து வீடுதோறும் வாயிற்படியில் தூவுகின்றனர். வீட்டார் அரிசியும் வெல்லமும் காசும் கொடுத்து அனுப்புகின்றனர். ஜார்க்கண்டில் சால் மரம் பூக்கும் காலத்தில் ‘சர்குல்’ விழா கொண்டாடப்படுகிறது. அங்கேயும் மத்தியப் பிரதேசக் காடுகளிலும், நம் இலுப்பைக்கு உறவான மகுவா மரத்தின் பூக்கள் இரவில் உதிர்ந்து கிடக்க, வைகறையில் தாய்மார் அவற்றைப் பொறுக்குகின்றனர். அவர்தம் அருகில் அமர்ந்திருக்கும் குழவிகளின் கையிலும் அப்பூவே இருக்கும். அக்குழவிகளுக்கு வசந்தம் என்பது சதைப்பற்றுள்ள, இனிய, ஒட்டும் இயல்புடைய ஒரு பூவாகும். இதைவிடச் சிறந்த பாடத்தை எந்தப் பயிற்சிக் கையேடும் வகுத்துவிட முடியாது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

‘அங்கன்வாடி’ என்னும் பெயரும் இதனோடு தொடர்புடையது. அங்கணம் என்பது முற்றம். 1945-இல் மகாராஷ்டிரக் கடற்கரையிலுள்ள போர்டி என்னும் ஊரில் தாராபாய் மோடக் அம்மையார், பள்ளிக்கு வர இயலாத எளிய மக்களின் குழந்தைகளுக்காகக் கல்வியை அவர்தம் குடியிருப்பின் முற்றத்திற்கே கொண்டு சென்றார். இலையும் கல்லும் சிப்பியுமே அங்குக் கற்பிக்கும் கருவிகளாயின. 1975 அக்டோபர் 2-ஆம் நாள் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 இடங்களில் தொடங்கப்பெற்றபோது, அப்பெயரே நாடெங்கும் பரவிற்று. பெயர் பரவிய அளவிற்கு முற்றம் பரவவில்லை. வாடகை அறையொன்றில், ஒரு சன்னலோடு இயங்கும் மையங்கள் நகரங்களில் உள்ளன. அத்தகைய இடத்து ஊழியர் தெருமுனையிலுள்ள ஒரு மரத்தையேனும் தமக்கு முற்றமாகக் கொள்ளலாம்.

மரம் ஒன்றே போதும். பல மரங்களைக் காட்டுவதைவிட, ஒரே மரத்திடம் மீண்டும் மீண்டும் செல்லுதலே பயன் தரும். மாறுதலை அறியவேண்டுமாயின் மாறாத ஒன்று வேண்டுமன்றோ? புங்கம் எளிதிற் கிடைப்பதாலும் அதன் மாறுதல் விரைவாக நிகழ்வதாலும் அதனை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். முதல் முறை செல்லும்போது உதிர்ந்த சருகுகளின்மேல் குழவிகளை நடக்கவிடுக. சருகு நொறுங்கும் ஓசையே போதிய விளையாட்டு. சில குழவிகள் இதிலேயே கால் மணி நேரம் ஈடுபட்டிருக்கும். அடுத்த வாரம் தளிர் தோன்றியிருக்கும். ஒரு கையில் சருகும் மறு கையில் தளிரும் கொடுத்து, இரண்டையும் கன்னத்தில் வைத்துப் பார்க்கச் செய்க. ‘இது மொறுமொறு, இது மெத்து மெத்து’ என்று ஊழியர் கூறுக. குழவி கூறவேண்டுமென்று வற்புறுத்தற்க. மூன்றாம் முறை மரத்தடியில் வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த சிறு பூக்கள் பொரி இறைத்தாற்போல் கிடக்கும். அவற்றைக் கூட்டிக் குவித்தலும், கலைத்தலும், கைநிறைய அள்ளி உயர விடுதலும் குழவிகளே கண்டுபிடிக்கும் விளையாட்டுகள். ஊழியர் அப்பொழுது செய்யத்தக்கது அருகில் அமர்ந்திருத்தலும், பூ வாய்க்குச் செல்லாமல் பார்த்துக்கொள்ளுதலுமே. காலை 9 மணிக்குள் இவை முடிந்துவிடவேண்டும். வெயிலேறிய பின் இவ்வயதினரை வெளியே வைத்திருத்தல் தகாது.

செவிக்குரியது குயில். இதற்கு நடக்கவும் வேண்டா, பொருளும் வேண்டா. நாட்டின் பெரும்பகுதியில் மார்ச்சுக்குப் பின் குயிலின் குரல் மிகுதியாகக் கேட்கும். நெடுங்குரலெடுத்துக் கூவுவது கரிய ஆண்குயிலே. புள்ளிகளையுடைய பழுப்பு நிறப் பெண்குயில் வேறுவகையாக ஒலிக்கும். காக்கை கூடு கட்டும் காலமே குயிலின் முட்டையிடும் காலமாதலின், இக்கூவுதலும் அதனை ஒட்டியே மிகும். குயில் கூவியதும் செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, விரலை உயர்த்தி, ‘கேள்’ என்று மெல்லக் கூறுதல் போதும். சில நாட்களில் குழவியே விரலை உயர்த்தும்.

நிறத்திற்கு வட இந்திய ஊழியர் நல்லதொரு வழியைக் கையாளுகின்றனர். புரச மரத்தின் பூக்களை நீரில் ஊறவைத்து, அல்லது காய்ச்சி ஆறவைத்து, ஹோலிப் பண்டிகைக்குரிய மஞ்சட்சிவப்பு நீரைப் பெறுதல் பழைய வழக்கம். நமக்கும் இம்மரம் அயலானதன்று. சென்னைப் புரசைவாக்கம் இதன் பெயரையே தாங்கி நிற்கிறது. ஒரு வட்டிலில் விரற்கடை உயரமே இந்நீரை ஊற்றி, வெள்ளைத் துணித்துண்டுகளைத் தோய்த்துப் பிழியக் கொடுத்தால், நீரின் குளிர்ச்சியும் துணியின் கனமும் நிறம் ஏறுதலும் ஒருங்கே புலப்படும். கடைகளில் விற்கும் செயற்கைச் சாயப் பொடிகளைக் குழவிகளிடம் கொடுத்தலாகாது. அவை கண்ணையும் தோலையும் உறுத்துவன. நிறம் பட்ட கை அடுத்த கணமே வாயில் இருக்கும் என்பதை மறத்தலாகாது.

சுவையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாற் போதும். யுகாதியன்றும் தமிழ்ப் புத்தாண்டன்றும் வேப்பம்பூவும் மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடி வீட்டில் இருக்கும். நாவில் தடவும் அளவே போதுமானது. குழவி முகம் சுளித்தால் நகைத்து, ‘கசப்பு’ என்று கூறுக. வேண்டாமென்று தலையைத் திருப்பினால் அத்துடன் விடுக. தொடுதலிலும் இவ்வாறே: ஈரத்தையும் சொரசொரப்பையும் அஞ்சும் குழவிகள் உண்டு, பிறர் செய்வதைப் பார்த்திருத்தலும் அவர்கட்கு ஒரு பங்கேற்பே.

இனி, எச்சரிக்கையைப் பற்றி விரித்துரைத்தல் கடமையாகிறது. விளையாட்டைக் கற்பிக்கும் ஏடுகள் பல, இப்பகுதியை ஒரு வரியில் முடித்துவிடுகின்றன. பள்ளி வேலிகளிலும் சாலையோரங்களிலும் அழகுக்காக வளர்க்கப்படும் அரளியும் மஞ்சள் அரளியும் வேர் முதல் விதை வரை நஞ்சு, இதயத்தைத் தாக்குவன. ஊமத்தை, ஆமணக்கு விதை, குன்றிமணி ஆகியவையும் நஞ்சுடையன. எருக்கின் பால் கண்ணிற் பட்டால் பெருந்துன்பம் விளைக்கும். மாங்காய்க் காம்பின் பால் தோலைப் புண்ணாக்கும். முருங்கையிலும் பிற மரங்களிலும் கம்பளிப்பூச்சி உள்ளதா என்று முன்னாளே பார்த்துவிடவேண்டும்.

நஞ்சைவிட மிகுதியாக நேரக்கூடிய இடர், சிறு பொருள் மூச்சுக்குழலில் அடைத்தல். ஐந்து வயதினர்க்கு உகந்த புளியங்கொட்டை, மஞ்சாடி, பட்டாணி முதலியன மூன்று வயதிற்குட்பட்டோர் கையில் இருத்தலாகாது. விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்கும் உருளையின் உள்விட்டம் ஏறத்தாழ 3.2 சென்டிமீட்டர், அதற்குள் அடங்கும் எப்பொருளும் இவ்வயதினர்க்கு ஆகாது என்பது விதி. மேலே கூறிய புங்கம்பூ இவ்வளவையினும் சிறியதாதலின், ஊழியர் ஒருவர்க்கு இரண்டு மூன்று குழவிகளுக்கு மேல் அங்கே இருத்தலாகாது. அவ்வாறு பார்த்துக்கொள்ள ஆளில்லாத இடத்தில் அவ்விளையாட்டை விட்டுவிடுக. இலவம்பஞ்சு ஏப்ரலுக்குப் பின் வெடித்துப் பறக்கும்; காணற்கு இனியது; ஆனால் மூக்கிற்குள்ளும் போகும். மெல்லிய துணியில் முடிந்து, அமுக்கிப் பார்க்கக் கொடுத்தலே தக்கது. நீர் வட்டில் சில அங்குல ஆழமே உடையதாயினும், குழவி அதனருகில் இருக்கும் வரை பெரியவர் எழுந்து செல்லலாகாது. விளையாட்டு முடிந்தவுடன் நீரைக் கொட்டிவிடவேண்டும்.

மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைகளுட் பெரும்பாலோர் அங்கன்வாடிக்கு நாள்தோறும் வருவோரல்லர்; காப்பகம் இணைந்த மையங்கள் சிலவே. ஆதலின் இப்பணியின் பெரும்பகுதி வீடு தேடிச் செல்லும்போதும் தாய்மார் கூட்டத்திலுமே நிகழவேண்டும். பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ளோர்க்கென மத்திய மகளிர், குழந்தைகள் வளர்ச்சி அமைச்சகம் 2024-இல் வெளியிட்ட ‘நவசேதனா’ என்னும் வழிகாட்டியும் 36 மாதங்களுக்கு மாதவாரியாக விளையாட்டுகளை வகுத்து, அவற்றைப் பெற்றோர் வழியாகவும் நடத்தக் கூறுகிறது. தாய்மாரிடம் இதைப் புதிய கல்வி முறையென்று அறிமுகம் செய்தல் வேண்டா. களையெடுக்கச் செல்லும் தாய்க்கு ஓய்வில்லை. மேலும் ஒரு கடமையைச் சுமத்தினால் கேட்டுக்கொண்டு மறந்துவிடுவார். ‘அம்மா, கீரை ஆயும்போது ஒரு தண்டைப் பிள்ளை கையில் கொடுங்கள், பெயரைச் சொல்லுங்கள்’ என்றால் அது அன்று மாலையே நடைபெறும். வீட்டிலுள்ள பாட்டியிடம் எந்த மரம் எப்பொழுது பூக்கும் என்று கேட்டால், ஊழியருக்கே பாடம் கிடைக்கும்.

இயலுமாயின் ஒரு குறிப்பேட்டில் மையத்து மரத்தின் முதல் தளிர், முதல் பூ ஆகியவற்றின் நாளைப் பதிவு செய்து வருக. ‘சீசன்வாட்ச்’ என்னும் திட்டத்தின்கீழ் நாட்டின் பல பகுதிகளில் பள்ளி மாணவரும் பொதுமக்களும் தாம் தேர்ந்த மரத்தை வாரந்தோறும் பார்த்து இவ்வாறே எழுதி அனுப்புகின்றனர். கேரளத்தில் விஷுவுக்குரிய கொன்றை, விழாவுக்குப் பல வாரம் முன்பே பூத்துவிடுதல் இத்தகைய பதிவுகளால் தெரியவந்த செய்திகளுள் ஒன்று. புங்கந்தளிர் கரும்பச்சையாகித் தடித்த பின் குழவியை மீண்டும் ஒருமுறை அம்மரத்தடிக்கு அழைத்துச் செல்க. அப்பொழுது அங்கே நல்ல நிழல் இருக்கும். பாயை விரித்து உறங்கவும் வைக்கலாம்.