சம்பளமும் செல்லோவும்

பகலில் பரமட்டாவில் அலுவலக வேலை. மாலையிலும் வார இறுதியிலும் கூப்பிட்ட இடத்தில் செல்லோ வாசிப்பு. ஹரிஸ் பார்க்கில் என் வாழ்க்கை இதுதான். வயலினோ மிருதங்கமோ, உங்களில் பலருக்கும் இதே நிலை. எனவே சன்மானத்தின் கணக்கு வழக்கைச் சற்றுப் பார்ப்போம்.

முதலாவது, ஏ.பி.என். எனும் வணிக எண். தொழிலாக வாசிப்பவர் இதை இலவசமாகப் பெறலாம். எண் கொடுக்காவிட்டால், 75 டொலருக்கு மேற்பட்ட சன்மானத்தில் 47 வீதத்தை அழைத்த நிறுவனம் பிடித்து வரித் திணைக்களத்துக்கு அனுப்ப வேண்டும்.

இரண்டாவது, வரி. வருடத்தில் முதல் 18,200 டொலருக்கு வரியில்லை. அந்தச் சலுகையைப் பகல் வேலைச் சம்பளமே முடித்துவிடும். ஆகவே சன்மானத்தின் முதல் டொலருக்கே வரி உண்டு. 2024 ஜூலை முதல், 45,000க்கும் 135,000க்கும் இடைப்பட்ட வருமானத்துக்கு அது 30 வீதம். மெடிகெயர் 2 வீதம். செலவைக் கழிக்காமல் பார்த்தால் 400 டொலரில் 128 டொலர் நம்முடையதல்ல. இதை முன்கூட்டி யாரும் பிடிப்பதில்லை; வருட முடிவில் மொத்தமாக வரும். நான் மூன்றில் ஒரு பங்கை அன்றே தனிக் கணக்கில் போட்டுவிடுவேன்.

மூன்றாவது, செலவு. தந்தி, வில்லுக்குப் புது மயிர், வாத்தியக் காப்புறுதி, அலுவலகத்திலிருந்து நேரே நிகழ்ச்சிக்குப் போகும் பயணம் ஆகியவற்றைக் கழிக்கலாம். பற்றுச்சீட்டுகளை 5 வருடம் வைத்திருங்கள்.

எல்லாம் போகக் கையில் மிஞ்சுவது தெரிந்தால்தான், குறைந்த சன்மானத்துக்கு அழைப்பவரிடம் ‘கட்டுப்படியாகாது’ என்று சொல்லத் துணிவு வரும்.