வாய் திறந்தால் வழக்கு, மூடினால் தண்டனை!

பெண்களையும் குழந்தைகளையும் பாழாக்கியவனுக்கு வைத்தியம் ஒரு கேடா என்று கேட்பவர்கள் எல்லா தேசத்திலும் உண்டு. ஆனால் தண்டனை முடிந்ததும் பெரும்பாலோர் வெளியே வரத்தான் போகிறார்கள். யாரோ ஒருவரின் அடுத்த வீட்டில் குடியிருக்கத்தான் போகிறார்கள். அதனால்தான் பல நாடுகளில் இவர்களுக்கு மனோதத்துவ சிகிச்சை தருகிறார்கள்.

சேருகிற எல்லோரும் கடைசி வரை இருப்பதில்லை. 1998ல் கனடா நிபுணர்கள் இருவர் 61 ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்துப் பார்த்தார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களே மறுபடி குற்றம் செய்யும் அபாயம் அதிகம் என்று கண்டார்கள். ஓடியதால் கெட்டார்களா, கெட்டவர்களே ஓடினார்களா என்பது வேறு விஷயம்.

ஏன் மறுக்கிறார்கள்? அமெரிக்காவில் கான்ஸாஸ் ராஜ்யத்துக் கைதி ஒருவனின் வழக்கு இதற்கு நல்ல உதாரணம்.

பள்ளி மாணவியைக் கடத்திப் பலாத்காரம் செய்ததாக 1982ல் தண்டிக்கப்பட்டவன் அவன். அவள் சம்மதித்தாள் என்று கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னவன். 1994ல், 18 மாத சிகிச்சையில் சேரும்படி சிறை அதிகாரிகள் உத்தரவிட்டார்கள். சேர வேண்டுமானால் குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். போலீசுக்குத் தெரியாத பழைய குற்றங்கள் இருந்தால் அவற்றையும் எழுதித் தர வேண்டும். பொய் கண்டுபிடிக்கும் கருவி வேறு காத்திருக்கும். எழுதிக் கொடுத்ததை வைத்துப் புது வழக்குப் போடமாட்டோம் என்ற உறுதி மட்டும் கிடையாது!

மறுத்தால்? டெலிவிஷன் போய்விடும். கூலி குறையும். பார்க்க வருகிறவர்களுக்குக் கட்டுப்பாடு. காவல் மிகுந்த சிறைக்கு மாற்றம்.

அவன் மறுத்தான், வழக்குத் தொடுத்தான். கீழே இரண்டு கோர்ட்டுகளில் ஜயித்தான். 2002ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் 9 பேரில் 5 பேர் அவனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தனர். குற்றத்தை ஒப்புக்கொள்வதே குணமாவதற்கு முதல் படி என்ற சிறை அதிகாரிகளின் வாதம் நின்றது.

வாதம் சரிதானா? இங்கிலாந்துச் சிறைகளிலும், குற்றத்தை அடியோடு மறுக்கிறவனுக்குச் சிகிச்சையில் இடமில்லாமல் இருந்தது. 2017ல் அரசாங்கமே ஒரு கணக்கை வெளியிட்டது. சிகிச்சை பெற்ற 2,562 பேரில் நூற்றுக்கு 10 பேர் மறுபடி பாலியல் குற்றம் செய்திருந்தார்கள். பெறாத 13,219 பேரில் நூற்றுக்கு 8 பேர்தான்! அந்தத் திட்டத்தை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்கினார்கள். அதில் மறுக்கிறவனும் சேர முடிந்தது.

டெலிவிஷனுக்காக வந்து உட்காருகிறவன் பாடத்தை ஒப்பித்துவிட்டு எழுந்து போகலாம். தன்னைக் கண்டு தானே பயந்து வருகிறவன் கதை வேறு. பெர்லின் நகரின் சாரிட்டே ஆஸ்பத்திரியில் 2005ல் தொடங்கிய சிகிச்சை இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். குழந்தைகள் மீது தகாத ஆசை எழுகிறதே என்று தவிப்பவர்கள் தாமாகவே வரலாம். கட்டணம் இல்லை. கோர்ட்டு அனுப்பி யாரும் வருவதில்லை. வைத்தியரிடம் சொன்ன பழைய குற்றம் வெளியே போகாது. ஜெர்மன் சட்டமே அந்த ரகசியத்தைக் காக்கிறது. அங்கேயும் பாதியில் போய்விடுகிறவர்கள் உண்டு. ஆனால் உள்ளே வருவதற்குப் பயமில்லை.

அந்தப் பழைய குற்றத்துக்கு ஆளான குழந்தையின் தாய், "அவன் பேசிவிட்டுப் போனால் போதுமா?" என்று கேட்டால் என்ன சொல்வது? சுலபமான பதில் கிடையாது. இருந்தும், பெர்லினில் தொடங்கியது பின்னர் ஜெர்மனியின் பல நகரங்களுக்குப் பரவியது.