அணில் தொட்டியைத் தோண்டுவது எதற்காக?

போன சித்திரையில், ஒரே வாரத்தில் மூன்று முறை என் இச்சி மரத்தின் தொட்டி தோண்டிக் கிடந்தது. பதினான்கு வருடமாக வளர்க்கும் போன்சாய் அது. மரம் ஒன்றரை அடி உயரம், தொட்டியின் ஆழம் நான்கு விரல். பாசி பிய்ந்து, மண் சிதறி, நூல் போன்ற வேர்கள் வெயிலில் கிடந்ததைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. நாலாம் நாள் காலையில் தண்ணீர்த் தொட்டியின் மறைவில் உட்கார்ந்து காத்திருந்தேன். ஏழே கால் மணிக்கு முருங்கைக் கிளையிலிருந்து கைப்பிடிச் சுவருக்கு ஓர் அணில் இறங்கியது. நேராக மரத்தடிக்கு வந்து, முன்னங்கால்களால் மண்ணை வாரித் தள்ளி, எதையோ இரு கைகளாலும் பிடித்துக் கொறிக்கத் தொடங்கியது. அது வேர் இல்லை. முந்தின ஞாயிற்றுக்கிழமை நான் உரமாக வைத்த கடலைப் புண்ணாக்குத் துண்டு.

மாடியில் போன்சாய் வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். அணிலை எப்படி விரட்டுவது என்று யோசிக்கும் முன், அது எதற்காக வருகிறது என்று கண்டுபிடியுங்கள். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

சிறிய சேதம் ஏன் பெரிதாகிறது?

ஜப்பானிய மொழியில் ‘போன்’ என்பது ஆழமில்லாத தட்டு, ‘சாய்’ என்பது நடவு. அந்த ஆழமின்மைதான் ஆபத்து. தரையில் நிற்கும் மரத்தடியில் அணில் இரண்டு அங்குலம் தோண்டினால் மரத்துக்குத் தெரியக்கூடத் தெரியாது. போன்சாய்த் தொட்டியில் இரண்டு அங்குலம் தோண்டினால் அடித்தட்டே தெரியும். நீரை உறிஞ்சும் நுனிவேர்கள் காய்ந்து கருக, சித்திரை வெயிலில் ஒரு பகல் போதும்.

பட்டையைக் கொறிப்பது இதைவிட மோசம். இலையில் உண்டாகும் உணவு, பட்டையின் உள்ளடுக்கு வழியாகத்தான் வேருக்கு இறங்குகிறது. தண்டைச் சுற்றி ஒரு வளையமாகப் பட்டை போய்விட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். நீர் மரக்கட்டை வழியே மேலே ஏறிக்கொண்டிருப்பதால் இலைகள் சில வாரம் பச்சையாகவே இருக்கும். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த நாட்களில், அடியில் வேர் பட்டினி கிடக்கும்.

செய்தது அணில்தானா?

முதலில் நேரத்தைப் பாருங்கள். அணில் பகலில் நடமாடும், இருட்டினால் கூட்டுக்குப் போய்விடும். இரவு படுக்கப்போகும்போது ஒழுங்காக இருந்த தொட்டி விடியுமுன் தோண்டிக் கிடந்தால், அது எலியின் வேலை. பக்கத்தில் கறுப்புப் புழுக்கை கிடக்கும். பாசி மட்டும் பாய்போலப் புரட்டிப் போடப்பட்டு, பட்டை பழுதில்லாமல் இருந்தால் காகம் புழு தேடியிருக்கலாம். பட்டையில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கோடாகப் பல் பதிந்திருந்தால், கொறிக்கும் பிராணி வந்திருக்கிறது என்று பொருள். அப்படிப்பட்ட தடம் பகலில் புதிதாகத் தெரிந்தால் அணில் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் வீட்டைச் சுற்றித் திரிவது பெரும்பாலும் முதுகில் மூன்று கோடு போட்ட அணில். அதன் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்த்தால்தான் அவை அளவோடு நிற்கும்.

எதற்காக வருகிறது?

முதல் காரணம் உணவு. கடலைப் புண்ணாக்கு, எலும்புத்தூள் இரண்டையும் துண்டாகவோ பொடியாகவோ மண்மேல் வைத்தால் அது அணிலுக்கும் எலிக்கும் வைத்த அழைப்பு. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து, தெளிந்த நீரில் நிறையத் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். திட உரம்தான் வேண்டுமென்றால் கசப்பான வேப்பம் புண்ணாக்குக்கு மாறலாம். அதே மாடியில் காக்கைக்குச் சோறு வைப்பதும், வேர்க்கடலை, வடகம் காயவைப்பதும் உண்டென்றால், அவற்றைப் போன்சாய் இருக்கும் மூலையிலிருந்து எதிர்மூலைக்கு மாற்றுங்கள். இச்சி, கொய்யா, மாதுளை போன்ற போன்சாய்களில் பழம் பழுக்கும்வரை விடாதீர்கள். ஒன்றிரண்டு பழத்தை அழகுக்காக வைத்துக்கொள்ள நினைத்தால், அவற்றுக்கு மட்டும் எவர்சில்வர் டீ வடிகட்டியைக் கவிழ்த்துக் கட்டிவிடலாம்.

இரண்டாவது, கூடு கட்டும் பொருள். பாசி, தேங்காய் நார், கிளையை வளைக்கும்போது சுற்றிய துணி, பஞ்சு எல்லாம் அணிலுக்கு வேண்டியவை. கட்டுவதற்கு நாரும் துணியும் தவிர்த்து அலுமினியக் கம்பியைப் பயன்படுத்துங்கள். மாடியின் வேறொரு பக்கம் ஒரு கைப்பிடி தேங்காய் நாரைத் தொங்கவிடுங்கள். எளிதாகக் கிடைப்பதை விட்டுவிட்டு அது உங்கள் பாசியைப் பிய்க்க வேண்டிய தேவை குறையும்.

மூன்றாவது, தண்ணீர். கோடையில் மொட்டை மாடியில் ஈரமாக இருக்கும் ஒரே இடம் பெரும்பாலும் நம் தொட்டி மண்தான். மரங்களைவிட்டுத் தள்ளி, நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். கொசு வராமல் இருக்கத் தினமும் மாற்றுங்கள்.

மண்ணுக்கு ஒரு மூடி

காரணத்தை நீக்கியபின்னும் பழகிய அணில் சில வாரம் வந்து தேடும். அதற்குத் தடுப்பு வேண்டும். எளிமையானது, மண்மேல் நெருக்கமாகக் கூழாங்கல் பரப்புவது. நீடித்து நிற்பது கம்பிவலை. ஹார்டுவேர் கடையில் அரை அங்குலக் கண் உள்ள ஜி.ஐ. வெல்டட் மெஷ் கேளுங்கள். கோழிவலையின் கண் பெரிது. அணில் அதில் முகத்தையும் கையையும் நுழைத்துவிடும்.

தொட்டியின் வாய் அளவுக்கு வலையை வெட்டி, ஓரத்திலிருந்து நடுவரை ஒரு கீறல் போட்டு, தண்டுக்கு வட்டமாக இடம் விடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு விரல் நுழையும் இடைவெளி கட்டாயம் வேண்டும். கம்பி தண்டில் பட்டால் தண்டு பருக்கும்போது வெட்டிவிடும். வெட்டிய முனைகளைக் கீழ்ப்பக்கம் மடக்கிவிட்டு, வடிகால் துளை வழியாக வரும் கட்டுக்கம்பியோடு வலையை இறுக்குங்கள். மேலே மெல்லிய மண்ணும் பாசியும் பரப்பினால் வலை கண்ணுக்குத் தெரியாது, தண்ணீரும் தடையில்லாமல் இறங்கும்.

பட்டையையும் மொட்டையும் கொறிக்கும் பழக்கம் வந்துவிட்டால் இது போதாது. விலைமதிக்க முடியாத மரங்களுக்கு, இரும்புச் சட்டத்தில் அதே வலையை நாலு பக்கமும் மேலேயும் அடித்து, கதவு வைத்த கூண்டு செய்யுங்கள். பிளாஸ்டிக் வலை வேண்டாம். அணில் அதைக் கடித்து அறுத்துவிடும், சில நேரம் அதிலேயே சிக்கிச் சாகும். கூண்டுக்கு வசதியில்லையென்றால் மரத்தை மாடியின் நடுவில், சுவரும் கிளையும் எட்டாத தூரத்தில், ஒற்றைக்கால் பீடத்தின்மேல் வையுங்கள். காலைச் சுற்றி இரண்டு அடி உயரத்துக்கு வழவழப்பான தகரம் சுற்றினால் நகம் பிடிக்காது.

மிளகாய்த்தூள் முதல் விஷம் வரை

மிளகாயின் காரம் அணிலைச் சற்றுத் தள்ளி நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் தினம் இருமுறை தண்ணீர் ஊற்றும் தொட்டியில் அது எவ்வளவு நேரம் நிற்கும்? காற்றில் பறந்து நம் கண்ணிலும் விழும். பளபளக்கும் சி.டி., பிளாஸ்டிக் பாம்பு எல்லாம் அணிலுக்குச் சில நாளில் பழகிவிடும். பாச்சை உருண்டை நஞ்சு. குழந்தைகள் நடமாடும் மாடியில் அதற்கு இடமில்லை.

எலி விஷமும் ஒட்டும் அட்டையும் வேண்டவே வேண்டாம். விஷம் தின்ற அணிலைப் பூனை தின்னும், காகம் கொத்தும், அவையும் மடியும். கூண்டு வைத்துப் பிடித்து வேறெங்கோ விடுவதும் சரியான வழி இல்லை. பிடிபட்டது தாயாக இருந்தால், கூட்டில் கண் திறக்காத குட்டிகள் பட்டினியில் சாகும். ஓர் உயிரை அழகாக வளர்ப்பதற்காக இன்னொன்றை இப்படி வதைக்க நமக்கு உரிமையில்லை.

பட்டை போய்விட்டால்

தோண்டிய தொட்டியை உடனே நிழலுக்கு மாற்றி, வேரை மண்ணால் மூடி, நன்றாகத் தண்ணீர் ஊற்றுங்கள். புதுத் துளிர் வரும்வரை உரமும் தொட்டி மாற்றமும் வேண்டாம்.

தண்டின் சுற்றளவில் பாதிக்கும் குறைவாகப் பட்டை போயிருந்தால், கூரான சுத்தமான கத்தியால் காயத்தின் பிசிறான ஓரங்களைக் கண் வடிவத்தில் சீர்செய்யுங்கள். இச்சியும் ஆலும் பால் வடிக்கும். ஈரத்துணியால் துடைத்துவிட்டு, கட் பேஸ்ட் பூசுங்கள். ஓரங்களிலிருந்து புதுப்பட்டை மெல்ல உருண்டு வந்து மூடும்.

சுற்றிலும் வளையமாகப் போய்விட்டாலும் கை விட்டுவிடாதீர்கள். விண்பதியம் போடும்போது நாமே கத்தியால் செய்வது இதே வளையத்தைத்தான். வளையத்தை ஓர் அங்குல அகலத்துக்குச் சுத்தம் செய்து, அதன் மேல்விளிம்பை மூடும்படி நனைத்த ஸ்பாக்னம் பாசியை வைத்து, பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டுங்கள். பாசி காயாமல் பார்த்துக்கொண்டால், இச்சி, ஆல் போன்றவை வெப்பக் காலத்தில் ஒன்றிரண்டு மாதத்தில் அங்கேயே வேர் விடும். வேர்கள் பழுப்பாகித் தடித்ததும் கீழே வெட்டித் தனியாக நடலாம். மரம் சற்றுக் குட்டையாகும், ஆனால் பிழைக்கும்.

என் இச்சிக்குக் கடலைப் புண்ணாக்கை நிறுத்தினேன், வலை போட்டேன், கைப்பிடிச் சுவரின் மறுகோடியில் தண்ணீர்ச் சட்டி வைத்தேன். அணில் இன்னும் வருகிறது. ஏழே கால் மணிக்கு அதே முருங்கைக் கிளையிலிருந்து இறங்கி, சட்டியில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறது. ஐப்பசி மழையில் பாசி மறுபடி படர்ந்து தொட்டியை மூடிவிட்டது. கையை வைத்து அழுத்தினால் மட்டும் அடியில் கம்பி தட்டுப்படும்.