வேங்கிக்கு வாழ்க்கைப்பட்ட மகள்

திருச்சி–திண்டுக்கல் சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வருகிற ஊர் வையம்பட்டி. அங்கிருந்து தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் சுமார் 100 கிலோமீட்டர். இந்தப் பக்கத்து இளைஞர்களுக்கு அதைக் கட்டிய ராஜராஜ சோழன் என்றால் 'பொன்னியின் செல்வன்' ஜெயம் ரவி நினைவுக்கு வருவார். அவர்களுடைய தாத்தா பாட்டிக்கு அந்த முகம் திருச்சி சங்கிலியாண்டபுரத்தில் வளர்ந்த சிவாஜி கணேசனுடையது. 1973 மார்ச் 31 அன்று வெளியான 'ராஜராஜ சோழன்' படத்தைப் பார்த்த தலைமுறை அது.

தமிழின் முதல் சினிமாஸ்கோப் படம் என்ற பெருமை அதற்கு உண்டு. ஆனால் நல்ல பெயர் கூடவே வரவில்லை. நாடகத்தை அப்படியே படம்பிடித்துவிட்டார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஈழம் வரை வென்ற மன்னனைக் குடும்பச் சண்டைக்குள் அடைத்துவிட்டார்கள் என்று அன்று தொடங்கிய குறை இன்றும் ஓயவில்லை. அந்தப் படம் இவ்வளவு ஏச்சுக்கு உரியதல்ல.

நாடகச் சாயல் என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. ஏனென்றால் அது நாடகம்தான். அரு. ராமநாதன் எழுத, டி.கே.எஸ். சகோதரர்கள் மேடையேற்றிப் புகழ்பெற்ற நாடகம் அது. இயக்குநர் ஏ.பி. நாகராஜனும் அந்தக் குழுவில் வளர்ந்தவர். 'திருவிளையாடல்', 'தில்லானா மோகனாம்பாள்' படங்களில் வசனத்தையே காட்சியாக்கிக் காட்டியவரும் அவரே. அந்தப் படங்களில் கைதட்டல் வாங்கிய அதே முறைதான் இங்கே குறையாகச் சொல்லப்பட்டது. பெரிய கோயிலுக்குள் படமெடுக்க அனுமதி கிடைக்காததால், சென்னை ஸ்டுடியோவில் கோயிலை செட்டாகவே போட வேண்டியிருந்தது. சினிமாஸ்கோப்பின் அகலத்தை மனத்தில் வைத்து எடுத்த காட்சிகள், பின்னாளில் தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத்துக்குள் இரு பக்கமும் வெட்டுப்பட்டு வந்தன. அதை மட்டும் பார்த்துப் படத்தை எடைபோட்டவர்களும் இருக்கிறார்கள்.

குடும்பச் சண்டை என்ற குறைதான் உண்மையில் அநியாயம்.

படத்தின் கதை வேங்கியைச் சுற்றியது. ராஜராஜனின் மகள் குந்தவையாக லட்சுமி, வேங்கி இளவரசன் விமலாதித்தனாக முத்துராமன், மகன் ராஜேந்திரனாக சிவகுமார். மேலைச் சாளுக்கிய மன்னன் சத்தியாசிரயனாக ஆர்.எஸ். மனோகர், சோழ அரசவைக்குள்ளேயே இருந்து சூழ்ச்சி செய்யும் பாலதேவராக எம்.என். நம்பியார். மகளின் காதலுக்கும் மகனின் கோபத்துக்கும் நடுவே பேரரசன் தகப்பனாகத் தடுமாறுகிறான். சிவாஜியின் நடிப்பும் சிம்மாசனத்தில் இருக்கும்போதைவிட இந்த இடங்களில்தான் நம்மைத் தொடுகிறது.

இது சரித்திரமா, வீட்டுக் கதையா? இரண்டும்தான். கிருஷ்ணா, கோதாவரி ஆறுகளுக்கு நடுவே கிடந்த செழிப்பான வேங்கி நாட்டின்மேல் தஞ்சைக்கும் மேலைச் சாளுக்கியர்களுக்கும் ஒரே சமயத்தில் கண் இருந்தது. அதைப் பிடித்துக்கொள்ள ராஜராஜன் படையை அனுப்பினான்; பிடித்ததை விடாமல் வைத்துக்கொள்ள மகளைக் கொடுத்தான். ராஜராஜன் வென்ற நாடுகளை அவனுடைய மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் இந்தப் பெண்ணின் கல்யாணம் இல்லை. ஆனால் பிறகு நடந்ததைப் பாருங்கள். ராஜேந்திரன் தன் மகள் அம்மங்கையைத் தங்கையின் மகனுக்கே கட்டிக்கொடுத்தான். 1070இல் சோழ அரியணைக்கு நேர் வாரிசு இல்லாமல் போனபோது, அந்த அம்மங்கையின் மகன்தான் முதலாம் குலோத்துங்கனாக முடிசூடினான். அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சோழநாட்டை ஆண்டது அந்த வழிதான். போர்க்களக் காட்சிகளைக் கேட்டவர்கள் அற்பம் என்று ஒதுக்கிய கல்யாணம் இது.

பெரிய கோயில் கல்வெட்டும் இதற்குச் சாட்சி. தான் கொடுத்ததைச் சொன்ன கையோடு அக்கா கொடுத்ததையும் மனைவிமார் கொடுத்ததையும் சேர்த்தே கல்லில் வெட்டச் சொன்னவன் ராஜராஜன். அவன் வீட்டுப் பெண்களை முன்னால் நிறுத்தியதற்காக நாகராஜனைக் குறை சொல்வது எப்படிச் சரியாகும்?

படத்தில் குறையே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. சத்தியாசிரயன் பக்கத்துச் சாட்சி ஒன்று கர்நாடகத்தில் இருக்கிறது: 1007ஆம் ஆண்டைச் சேர்ந்த ஹொட்டூர்க் கல்வெட்டு. 9 லட்சம் பேர் கொண்ட சோழப் படை வந்து நாட்டைச் சூறையாடியது, பெண்களையும் குழந்தைகளையும் கொன்றது என்று அது குற்றம் சாட்டுகிறது. எதிரி வெட்டிவைத்த கல்வெட்டு அது, மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனாலும் சத்தியாசிரயனை வெறும் வில்லனாக நிறுத்திய படம், அவன் ஊர் மக்கள் பட்ட பாட்டைக் காட்டியிருந்தால் நம் ராஜராஜன் இன்னும் முழு மனிதனாகத் தெரிந்திருப்பான். விமர்சகர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இதுதான்.

ஹாலிவுட் இயக்குநர் ஆலிவர் ஸ்டோன் 2004இல் எடுத்த 'அலெக்சாண்டர்' படமும் அமெரிக்காவில் இப்படித்தான் அடிவாங்கியது. அவர் விடவில்லை. 2005, 2007, 2014 என மூன்று முறை படத்தை வெட்டி ஒட்டி மறுபடி வெளியிட்டார். பார்த்தவர்கள் சிலர் மனம் மாறினார்கள். நாகராஜனுக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை. 1977இல், 49 வயதில் காலமானார். அவர் படத்துக்காக இன்று பேச வேண்டியவர்கள் பார்வையாளர்கள்தான்.

படம் காட்டாத ஒன்றையும் அவர்களுக்குச் சொல்லலாம். அந்தக் குந்தவைக்கும் விமலாதித்தனுக்கும் பிறந்த பிள்ளைக்குத் தஞ்சைத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். ராஜராஜ நரேந்திரன் என்ற அந்தப் பேரனின் அவையில் உட்கார்ந்துதான் கவிஞர் நன்னய்யா மகாபாரதத்தைத் தெலுங்கில் எழுதத் தொடங்கினார்.